பெரியாயா ட்ரூரோ கப்பலில் வந்தாரா? தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த பழைய காலத்துப் பெண்ணைத் தேடுவது எப்படி?

வெருலம்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தாவுடைய ஆயாவைப் பற்றித் தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லாரும் பெரியாயா என்பார்கள். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். பெயரை வெளியில் போட வேண்டாம் என்று பெரியப்பா வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் சொல்லும் கதை இதுதான். 1860-ல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றி வந்த முதல் கப்பலான ட்ரூரோவில் புருஷனோடும் கைக்குழந்தையோடும் வந்தார். மவுண்ட் எட்ஜ்கம்பில் கரும்புத் தோட்ட வேலை. ஒப்பந்தம் முடிந்ததும் உம்கேனி ஆற்றோரம் ஸ்பிரிங்ஃபீல்டில் குத்தகைக்கு நிலம் பிடித்துக் காய்கறி போட்டார். கீரையும் மிளகாயும் கூடையில் கட்டி டர்பனுக்குச் சுமந்துபோய் விற்றார். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் வருஷா வருஷம் கட்ட வேண்டிய மூன்று பவுன் வரியைக் கட்டியே நொந்துபோனார். 1917 அக்டோபரில் உம்கேனி பெருக்கெடுத்தபோது வீடு போனது, காகிதமெல்லாம் போனது. அதற்கப்புறம்தான் குடும்பம் வெருலம் பக்கம் வந்தது.

கையில் இருப்பவை இரண்டு மரண அறிவிப்புகள். ஒன்று பெரியாயாவுடையது: 1934, வயது 72, தொழில் தோட்டக்காரி, பிறந்த இடம் இந்தியா. பெற்றோர் பெயர் எழுதும் கோட்டில் 'தெரியாது' என்று இருக்கிறது. அடியில் இரண்டாவது மகனுடைய பெருக்கல் குறி, பக்கத்தில் சாட்சி கையெழுத்து. இன்னொன்று மூத்த மகனுடையது, அதாவது என் தாத்தாவின் அப்பா: 1941, வயது 60, பிறந்த இடம் மெட்ராஸ்.

பெரியாயாவின் புருஷன் பெயரை வைத்துக் கப்பல் பட்டியலில் தேடிப் பார்த்தோம். அதே பெயரில் ஏகப்பட்ட பேர், ஒருவரும் பொருந்தவில்லை. அடுத்து என்ன செய்வது?

டோங்காட் அக்கா:

தம்பி, நேட்டாலில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் ட்ரூரோதான். 1860 நவம்பர் 16-ல் டர்பனில் வந்து நின்ற அந்தக் கப்பலில் இருந்தது 342 பேர். பத்து நாளில் கல்கத்தாவிலிருந்து பெல்வடியர் வந்தது. அப்புறம் 1911 வரை வந்தவர்களையும் சேர்த்தால் மொத்தம் 1,52,184 பேர். அந்த ஒன்றரை லட்சத்தில் முதல் கப்பல்காரர்களின் வாரிசுகளை மட்டும்தான் நான் கல்யாண வீடுகளில் சந்திக்கிறேன்!

உங்கள் கையில் இருக்கும் தாளிலேயே பதில் இருக்கிறது. 1934-ல் 72 வயது என்றால் பிறந்தது 1862 வாக்கில். ட்ரூரோ வந்தபோது பெரியாயா பிறக்கவே இல்லை. வயதைத் தோராயமாகத்தான் போட்டிருப்பார்கள், பத்து வருஷம் முன்னே தள்ளிப் பாருங்கள், அப்போதும் எட்டு வயதுப் பிள்ளைதான். கைக்குழந்தையோடு எப்படி வந்திருக்க முடியும்?

அடுத்தது மகன். 1941-ல் 60 என்றால் பிறந்தது 1881 வாக்கில், அதுவும் இந்தியாவில். 1866-ல் நின்றுபோன ஆள் ஏற்றுமதி 1874-ல்தான் திரும்பத் தொடங்கியது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது 1880-க்கும் 1884-க்கும் இடையில் மெட்ராஸிலிருந்து வந்த கப்பல்கள் மட்டும்.

இனி முக்கியமான விஷயம். புருஷன் பெயரை வைத்துத் தேடுவதை விடுங்கள். இங்கே வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்தார்கள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, இடுப்பில் இருக்கும் குழந்தைக்கும் ஒன்று. மனைவி என்று புருஷன் எண்ணுக்குள் அடக்கவில்லை. வேறு எத்தனையோ பதிவேடுகளில் பெண்கள் 'இன்னாருடைய மனைவி' என்ற ஒட்டாகத்தான் நிற்பார்கள். கூலிக்கணக்குக்காகப் போட்ட இந்த எண்ணால்தான் நம் ஆயாக்கள் தனியாளாகக் கிடைக்கிறார்கள். அவர்கள் நோக்கம் அதுவல்ல, நமக்கு லாபம்.

பெண் பெயரை வைத்துத் தேடுங்கள். வயது 18 முதல் 24. அடுத்த வரியிலேயே ஆண் குழந்தை இருக்கிறதா பாருங்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் அடுத்தடுத்த எண்ணாகத்தான் பெரும்பாலும் வரும். எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். லட்சுமி லுச்மீ ஆவாள், முனியம்மா மூனியாமா ஆவாள், சில சமயம் பாதிப் பெயர்தான் இருக்கும். எழுதினவர் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

சாட்ஸ்வர்த் தாத்தா:

எனக்கு ஒன்று புரியவில்லை. பெரியப்பா வீட்டிலேயே வேண்டாம் என்கிறார்கள். நம் பெரியவர்கள் சிலதைச் சொல்லாமல் விட்டார்கள் என்றால் காரணம் இருக்கும். வெளிநாட்டு இந்திய வம்சாவளிக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ அட்டை வேண்டுமென்றால் அதற்கு வேண்டிய தாளை மட்டும் எடுங்கள். மற்றதைக் கிளறி யாருக்கு என்ன?

வெருலம்காரன்:

தாத்தா, அட்டைக்காக இல்லை. என் மகள் பள்ளியில் குடும்ப வரலாறு எழுதச் சொன்னார்கள். ஆண்கள் பக்கம் நாலு தலைமுறை எழுதிவிட்டாள், பெண்கள் பக்கம் ஒரு பெயர்கூட இல்லை. அங்கேதான் ஆரம்பித்தது.

மாரிட்ஸ்பர்க்காரர்:

அக்கா சொன்ன வழியே சரி. இன்னும் சில இடங்களைச் சேர்க்கிறேன்.

கப்பல் பட்டியலின் பிரதி குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி–லுதுலி ஆவண மையத்தில் இருக்கிறது. அதில் ஒரு வரி கிடைத்துவிட்டால் அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பது வரை வரும். ஆனால் அது வந்த நாளோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் என்ன ஆனார் என்று தெரிய வேண்டுமென்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்கு வர வேண்டும். இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகள் இங்கே இருக்கின்றன. தோட்டத்தை விட்டு ஓடியது, முதலாளி மேல் கொடுத்த புகார், ஆஸ்பத்திரி, சேர்ந்து வாழ்ந்தவரோடு சண்டை, குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்ற வழக்கு, எல்லாம் அதில் வரும். சொன்னதைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், மொழிபெயர்க்க எழுதியிருப்பார்கள். ஆண்களைவிடப் பெண்கள் கொடுத்த வாக்குமூலம்தான் எனக்குப் படிக்கப் பிடிக்கும், விவரமாகச் சொல்லியிருப்பார்கள். எந்தச் சட்டி எங்கே இருந்தது என்பது உட்பட.

வாரிசுச் சொத்துக் கோப்பும் இங்கேதான். 1934-ல் மரண அறிவிப்பு இருக்கிறதென்றால் அதோடு ஒரு கோப்பு இருக்க வாய்ப்பு அதிகம். குத்தகை நிலமாக இருந்தாலும் கடன், மாடு, வண்டி என்று ஏதாவது கணக்கு இருக்கும். பிள்ளைகள் பெயரும் வரிசையாக இருக்கும், கல்யாணமான பெண்கள் பெயர் உட்பட.

இன்னொன்று. மூன்று பவுன் வரிக் கதை இடிக்கிறது. அந்தச் சட்டம் 1895-ல் வந்தது. அதற்கப்புறம் ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்குத்தான் அது. 1880களில் வந்த பெண் அந்த வரியைக் கட்டியிருக்க வேண்டியதில்லை. வீட்டில் யாரோ கட்டியிருக்கிறார்கள். யார் என்று பாருங்கள்.

வெருலம்காரன்:

பெரியப்பாவிடம் வரி விஷயத்தைச் சொன்னேன். "அப்ப எங்கப்பா பொய் சொன்னாரா?" என்று போனை வைத்துவிட்டார்.

மொரிஷியஸ் மச்சான்:

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. இங்கே மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படமும் உண்டு. நேட்டாலுக்கு வருவதற்கு முன் மொரிஷியஸில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். கப்பல் பட்டியலில் கிடைக்காவிட்டால் இங்கேயும் ஒரு கண் வையுங்கள். கிடைத்துவிட்டால் தேவையில்லை.

வெருலம்காரன்:

கிடைத்துவிட்டது!

எண்ணும் கப்பல் பெயரும் போடவில்லை, போட்டால் பெயர் தெரிந்துவிடும். மெட்ராஸிலிருந்து 1882-ல் வந்த கப்பல். பெண், வயது 20. அப்பா பெயர் இருக்கிறது. மரண அறிவிப்பில் 'தெரியாது' என்று இருந்த அந்தப் பெயர்! ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர், கிராமத்தின் பெயர் படிக்கவே முடியவில்லை. அடையாளம்: இடது முன்கையில் பச்சை, வலது புருவத்துக்கு மேல் தழும்பு. என் அத்தைகளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். சின்ன அத்தை, "அந்தப் பச்சை தேள் மாதிரி இருக்கும்னு எங்கம்மா சொல்லியிருக்கா" என்றார். பட்டியலில் என்ன உருவம் என்று இல்லை, ஆனால் கை சரி.

அடுத்த வரி ஆண் குழந்தை, ஒரு வயது. அதற்கடுத்த வரியில் சம்பந்தமே இல்லாத ஒருவர், வேறு ஜில்லா. முந்தின வரியும் அப்படியே.

அதாவது புருஷன் என்று யாரும் கூட வரவில்லை. குழந்தையின் அப்பா பெயர் என்ற இடத்தில் இருப்பது, நாங்கள் குடும்பப்பெயராகப் போட்டுக்கொள்ளும் பெயர் இல்லை. வேறு ஒரு பெயர். எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படாத பெயர்.

சாட்ஸ்வர்த் தாத்தா:

இதைத்தான் சொன்னேன்.

டோங்காட் அக்கா:

என்ன சொன்னீர்கள் தாத்தா? ஒரு பொம்பளை இருபது வயதில் ஒரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறியிருக்கிறாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

1862-ல் வட ஆற்காட்டில் பிறந்த பெண்ணுக்கு தாது வருஷப் பஞ்சம் வந்தபோது வயது பதினாலு, பதினைந்து. 1876 முதல் 78 வரை மெட்ராஸ் மாகாணத்தில் ஊர் ஊராகச் செத்தார்கள். அதில் பிழைத்தவள் இவள். அதற்கப்புறம் கல்யாணம், பிள்ளை, புருஷன் செத்தானோ விட்டுவிட்டுப் போனானோ. அந்தக் காலத்தில் பிள்ளையோடு தனியாக நின்ற பெண்ணுக்கு ஊரில் என்ன இருந்தது? கப்பல் ஏறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் ஏஜெண்டுக்கும் பெண்கள் வேண்டியிருந்தார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று விகிதம் வைத்திருந்தார்கள், அது நிரம்பாமல் கப்பலை அனுப்புவது சிரமம். அதனால் டிப்போவிலேயே ஜோடி சேர்த்து எழுதினதும் உண்டு. இவர் அப்படி யாரோடும் எழுதிக்கொள்ளவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம்.

இங்கே வந்தபின் கணக்கைப் பாருங்கள். ஆணுக்கு முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். பெண்ணுக்குப் பாதி. ரேஷனும் பாதி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வாள்? தனியாகச் சமாளித்தாளா, தோட்டத்து லைன் வீடுகளில் ஒருவரோடு சேர்ந்தாளா, அது அவள் பாடு. ஐந்து வருஷ ஒப்பந்தத்தை முடித்து வெளியே வந்து ஆற்றோரம் நிலம் பிடித்திருக்கிறாள் பாருங்கள், அதைச் சொல்லுங்கள் மகளுக்கு.

சாட்ஸ்வர்த் தாத்தா:

அம்மா, நான் அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு விஷயம் வந்தது. கப்பல் பட்டியலில் சாதி ஒன்று, நாங்கள் போட்டுக்கொள்ளும் பட்டப்பெயர் வேறு ஒன்று. என் தம்பி மகன் அதை எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். சம்பந்தி வீட்டுக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். அதற்கப்புறம் ஒரு கல்யாணத்தில் பேச்சு நின்றது. நிறவெறி அரசாங்கம் கேட்டோ மேனரிலிருந்து எங்களை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து போட்டபோதுகூட அப்படிப் பிரியாத குடும்பம். கண்டுபிடிப்பது வேறு, எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்புவது வேறு. அவ்வளவுதான் நான் சொல்வது.

மாரிட்ஸ்பர்க்காரர்:

தாத்தா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பட்டப்பெயர் விஷயத்தில் மட்டும் ஒன்று: நாயுடு, பிள்ளை, முதலியார், கவுண்டர் என்று இங்கே இருக்கும் குடும்பப்பெயர்களில் எத்தனை கப்பலிலேயே வந்தவை, எத்தனை டர்பனில் இறங்கியபின் வந்தவை என்று பார்த்தால் பாதிக் கல்யாணம் நின்றுவிடும். பட்டியலை எழுதியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முதல் கப்பல்களில் சாதி என்ற இடத்தில் தமிழரை 'மலபார்' என்றும் தெலுங்கரை 'ஜெண்டூ' என்றும் எழுதிவைத்தார்கள். அதை வைத்துச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

வெருலம்காரரே, பெரியாயா இங்கே வந்தபின் சேர்ந்த இரண்டாவது மனிதர் பற்றி: உங்கள் குடும்பப்பெயருக்குச் சொந்தக்காரர் 1895-க்கு அப்புறம் வந்தவராக இருக்கலாம். அப்படியென்றால் மூன்று பவுன் வரிக் கதை சரியாகப் பொருந்தும். அவருக்கு வரி உண்டு. 1903-லிருந்து அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் வரி: ஆண் பிள்ளைக்கு 16 வயதில், பெண் பிள்ளைக்கு 13 வயதில். வரி கட்ட முடியாதவர்கள் திரும்ப ஒப்பந்தத்துக்குப் போக வேண்டும், அல்லது ஊருக்குப் போக வேண்டும். காய்கறி விற்ற காசில் பெரியாயா அவருக்குக் கட்டியிருந்தால் "கட்டியே நொந்துபோனார்" என்பது முழு உண்மை. பெரியப்பாவின் அப்பா பொய் சொல்லவில்லை.

வெருலம்காரன்:

இதைப் படித்ததும் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். முதல் தடவையாக அவரே கேள்வி கேட்டார். பெரியாயாவுக்குக் கடைசிப் பெண் 1899-ல் பிறந்தது, அந்தப் பாட்டியைப் பெரியப்பா பார்த்திருக்கிறார். மூத்த மகனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பதினெட்டு வருஷ இடைவெளி ஏன் என்று சின்ன வயதில் கேட்டு அடி வாங்கினாராம். 1912-ல் அந்தப் பெண்ணுக்கு 13 வயது, வரி வந்திருக்கும். "அதான் அவசரமாக் கட்டிக்குடுத்தாங்களோ" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

போளூர் வாத்தியார்:

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய வட ஆற்காடு ஜில்லா என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களும், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் ஒரு பகுதியும் அடங்கும். 1911-ல் பிரிந்த சித்தூரும் அப்போது அதில்தான். உங்களுக்குத் தாலுகாவும் தெரிந்திருப்பதால் வேலை சுலபம்.

கிராமப் பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்துகளும் சொல்லுங்கள். இந்தப் பக்கம் பாக்கம், பட்டு, வாடி, தாங்கல், மங்கலம், பாடி என்று முடியும் ஊர்கள் நிறைய. வெள்ளைக்காரன் எழுதினதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். அப்பா பெயரையும் வைத்துக்கொண்டு நேரே கிராமத்துக்குப் போக வேண்டாம். நாற்பது பேர் சொந்தம் என்று வந்து நிற்பார்கள், அன்பாகத்தான், ஆனால் யார் உண்மை என்று தெரியாது. முதலில் குலதெய்வம் எது என்று உங்கள் வீட்டில் கேளுங்கள். குழந்தைக்கு முதல் முடி எங்கே இறக்குகிறீர்கள், பொங்கல் யாருக்கு வைக்கிறீர்கள்?

வெருலம்காரன்:

ஐயா, நன்றி. முதல் எழுத்து 'க' மாதிரி இருக்கிறது, கடைசியில் 'பட்டு' அல்லது 'பட்டி'. படத்தைத் தனியே அனுப்புகிறேன்.

குலதெய்வம் என்றால் எங்களுக்கு மாரியம்மன்தான். இசிப்பிங்கோ கோயிலுக்கு ஈஸ்டர் சமயத்தில் போவோம். ஆனால் அத்தை வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஆடி மாதம் வீட்டுக்குப் பின்னால் ஏழு கல் நட்டு, மஞ்சள் பூசி, கொழுக்கட்டையும் கூழும் வைப்பார்கள். பெண்கள் மட்டும். பெரியாயா வைத்தது என்று சொல்லி வைக்கிறார்கள். எந்தச் சாமி என்று கேட்டால் "கன்னிமார்" என்பார்கள், அவ்வளவுதான்.

போளூர் வாத்தியார்:

இங்கே ஏரிக்கரைக்கு ஏரிக்கரை சப்த கன்னிமார் உண்டு. அதனால் ஊரைக் குறிக்க அது போதாது. ஆனால் உங்கள் பெரியாயா இந்தப் பக்கத்துக்காரர் என்பதோடு ஒத்துப்போகிறது. கல் எந்தத் திசை பார்த்து நடுகிறார்கள், பக்கத்தில் காவலுக்கு ஆண் சாமி வைக்கிறார்களா என்று அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள். படத்தை அனுப்புங்கள், கிராம வரைபடத்தோடு ஒத்துப் பார்க்கிறேன்.

டோங்காட் அக்கா:

அத்தை வீட்டுக் கும்பிடுதலை யாராவது வீடியோ எடுத்து வையுங்கள். பெண்கள் கையோடு வந்த விஷயம் எந்தக் கோப்பிலும் இருக்காது.

அப்புறம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இரண்டாவது மனிதரோடு நடந்த கல்யாணம். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் அரசாங்கத்துக்குப் போதாது. 1891 சட்டப்படி இந்தியக் குடியேற்றப் பாதுகாவலர் என்ற அதிகாரியிடம் பதிய வேண்டும், நிறையப் பேர் பதியவில்லை. 1913 மார்ச்சில் கேப் மாகாணத்தில் நீதிபதி சர்ல் கொடுத்த தீர்ப்பு நம் கல்யாணங்களையே செல்லாது என்கிற மாதிரி ஆக்கியது, அந்த வருஷம் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் தெருவுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1914 நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை எடுத்ததோடு, ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்தவர்கள் கல்யாணத்தைப் பதிந்துகொள்ள வழியும் செய்தது. பெரியாயா அப்போது ஐம்பதைத் தாண்டியவர், பேரன் பேத்தி எடுத்தவர். அந்த வயதில் போய்ப் பதிந்திருந்தால் அந்தப் பதிவில் இரண்டு பேருடைய எண்ணும் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த மனிதரின் எண் கிடைத்தால் அவர் வந்த வருஷம் தெரியும், வரிக் கதை தீர்ந்துவிடும்.

மாரிட்ஸ்பர்க் தம்பி, 1914-க்கு அப்புறம் வெருலம், டர்பன் மாஜிஸ்திரேட்டுகளிடம் பதிந்த இந்தியக் கல்யாணங்கள் உங்கள் பக்கம் இருக்கின்றனவா?

மாரிட்ஸ்பர்க்காரர்:

அடுத்த வாரம் போகும்போது பார்க்கிறேன் அக்கா. வெருலம்காரரே, பெரியாயாவின் எண்ணையும் இரண்டாவது மனிதரின் பெயர் எழுதக்கூடிய எல்லா விதத்தையும் தனிச்செய்தியில் அனுப்பிவையுங்கள். வாரிசுச் சொத்துக் கோப்பையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்.

சாட்ஸ்வர்த் தாத்தா:

தம்பி, நீங்கள் போகும்போது எனக்கும் ஒரு எண் பார்க்க முடியுமா? எங்கள் அம்மாவின் பாட்டி. குழுவில் போட வேண்டாம், எனக்கு மட்டும்.

மாரிட்ஸ்பர்க்காரர்:

தாராளமாக. அவர் எந்த எஸ்டேட்டில் இருந்தார், எந்த வயதில் இறந்தார் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.